திரையில் தெரியும் நிலத்தைப் பிள்ளைகள் அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் புவியியலுக்கு வேண்டிய செயற்கைக்கோள் படம், காற்றோட்டப் படம், சமஉயரக் கோட்டு வரைபடம், மக்கள்தொகைக் கணக்கு எல்லாமே இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்துவிட்டது. பாடநூலில் விரைவுக் குறியீடும் ‘இணையச் செயல்பாடு’ பக்கமும் இருக்கின்றன. ஆனாலும் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது ஒரு காணொளியை ஓடவிட்டு, முடிந்ததும் திரையை அணைப்பதுதான். மலை சுழல்கிறது, மேகம் நகர்கிறது, பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அடுத்த வாரத் தேர்வில் கடகரேகையைச் சென்னைக்குப் பக்கத்தில் வரைகிறார்கள். பார்த்த நேரத்தில் கை எதையும் செய்யவில்லை என்பதுதான் காரணம்.

சமூக அறிவியல் நடத்துகிறவர்களில் பலர் வரலாறு படித்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தளத்தில் எதைத் திறந்து பிள்ளைகளிடம் எதை அளக்கச் சொல்வது, எங்கே தவறும் என்று விவரமாக யாரும் சொல்வதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கவே இந்தக் கடிதம்.

முதலில் அட்சமும் தீர்க்கமும். கூகுள் எர்த்தின் தேடல் பெட்டியில் எண்ணைத் தட்டி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் எளிய பயிற்சி. இதில் இரண்டு பிழைகள் தவறாமல் வரும். சென்னை 13°05' வடக்கு, 80°16' கிழக்கு. இதைப் பிள்ளைகள் 13.05, 80.16 என்று தட்டுவார்கள். 5 நிமிடம் என்பது 5ஐ 60ஆல் வகுத்தால் வரும் 0.083 பாகை. ஆகவே சரியான எண் 13.083. 13.05 என்று போட்டால் புள்ளி ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தெற்கே விழும். தீர்க்கத்திலும் அப்படித்தான்: 80.267க்குப் பதில் 80.16 என்றால் 11 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய்விடும். இரண்டாவது பிழை, தீர்க்கத்தை முன்னால் போடுவது. 80.27, 13.08 என்று தட்டினால் திரை ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இந்தப் பிழைகளை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிட வேண்டாம். நடக்கவிட்டு, ஏன் அங்கே போனது என்று கேட்டால், 60ஆல் வகுப்பதும் அட்சத்தை முதலில் சொல்வதும் அதன்பின் மறக்காது. 82°30' என்பதை 82.5 என்று மாற்றி, இந்தியத் திட்டநேரத் தீர்க்கத்தின் மீது வடக்கிலிருந்து தெற்கு வரை எந்தெந்த மாநிலங்கள் வருகின்றன என்று குறிக்கச் சொன்னால் ஒரு பாடவேளை நிறைந்துவிடும்.

நிலவரைபடத் திறன்கள் பாடத்துக்கு வருவோம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும், ஆசிரியர்கள் அதிகம் தவிர்ப்பதும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுதான். இந்திய நில அளவைத் துறையின் இணைய வரைபடத் தளத்தில் பதிவு செய்துகொண்டு 1:50,000 அளவையிலான பொதுப் பயன்பாட்டு டோப்போ ஷீட்டுகளை (நிலத்தோற்ற வரைபடத் தாள்களை) பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். 15 நிமிட அட்சம், 15 நிமிட தீர்க்கம் கொண்ட ஒரு தாள் ஏறக்குறைய 55 செ.மீ. சதுரம். இதை ஏ4 தாளில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று கொடுத்து அச்சடிப்பதுதான் எங்கும் நடக்கிற தவறு. 55 செ.மீ. சுருங்கி 20 செ.மீ. ஆகிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் 1:50,000 என்றுதான் இன்னமும் அச்சாகியிருக்கும். பிள்ளைகளும் 2 செ.மீ. என்றால் 1 கி.மீ. என்று அளந்துகொண்டே போவார்கள். உண்மையில் அந்தத் தாளில் 2 செ.மீ. என்பது 2.75 கி.மீ. சுருங்கினாலும் பொய் சொல்லாதது நேர்கோட்டு அளவை மட்டும்தான், அது வரைபடத்தோடு சேர்ந்தே சுருங்கும். அதனால் ஒன்று, ‘உண்மையான அளவு’ என்று தேர்ந்தெடுத்துத் தேவையான பகுதியை மட்டும் அச்சடிக்க வேண்டும். இல்லையென்றால் 1:50,000 என்ற பிரதிபின்னத்தை அடித்துவிட்டு நேர்கோட்டு அளவையை மட்டும் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் அச்சடித்து அடுத்தடுத்த பெஞ்சுகளுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. இரண்டு பெஞ்சுக்கும் விடை வேறாக வரும். ஏன் என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

வண்ண அச்சுக்கு வழியில்லாத பள்ளிகளுக்கு இன்னொரு முறை இருக்கிறது. ஓப்பன்டோப்போமேப் என்ற தளத்தில் உலகின் எந்தப் பகுதிக்கும் சமஉயரக் கோடு போட்ட வரைபடம் திறக்கும். சுவரில் வெள்ளைச் சார்ட் தாளை ஒட்டி, புரொஜெக்டரை அதன்மேல் விழச் செய்யுங்கள். நான்கைந்து பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவால் கோடுகளின் மேலேயே வரையட்டும். எல்லாக் கோட்டையும் வரைந்தால் குழம்பிவிடும், தடித்த கோடுகளை மட்டும் எடுத்தால் போதும். ஆற்றுக்கு நீலம், உயரத்துக்குப் பழுப்பு. வரையும்போது புரொஜெக்டரை யாரும் இடித்துவிடக் கூடாது. ஒரு விரல் நகர்ந்தாலும் கோடுகள் ஒட்டாது என்பதால், தாளின் இரண்டு மூலைகளில் படத்தில் தெரியும் ஏதாவது ஒரு சாலைச் சந்திப்பை முன்பே புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கை அணைத்ததும் சுவரில் நிற்பது பிள்ளைகள் வரைந்த வரைபடம். அதன் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை வைத்து, கோடு வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் உயரத்தைக் குறித்து, வரைபடத்தாளுக்கு மாற்றினால் குறுக்குவெட்டுத் தோற்றம் கிடைத்துவிடும்.

அந்தக் குறுக்குவெட்டு சரிதானா என்று பார்க்க கூகுள் எர்த் புரோ உதவும். கணினியில் நிறுவிக்கொள்ளும் இந்தப் பதிப்பு 2015 முதல் இலவசம். ‘ஆட் பாத்’ என்பதை அழுத்தி மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை ஒரு நேர்கோடு போடுங்கள். சேமித்தபின் இடப்பக்கப் பட்டியலில் அந்தக் கோட்டின் பெயரில் வலது சொடுக்குப் போட்டு ‘ஷோ எலிவேஷன் புரொஃபைல்’ கேட்டால் கீழே உயர வரைபடம் விரியும். நேர்கோட்டுத் தொலைவு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறும் உயரம் சுமார் 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர். மலை ரயில் இதே இரண்டு ஊர்களுக்கு இடையே 46 கிலோமீட்டர் ஓடுகிறது. எதற்காக இத்தனை கிலோமீட்டர் கூடுதலாக வளைகிறது? கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் ஏன்? வரைபடத்தில் செங்குத்தாக எழும் பகுதியைக் காட்டிக் கேட்டால், பத்தாம் வகுப்புத் தமிழ்நாட்டு இயற்கைப் பிரிவுகள் பாடத்தின் பாதி அங்கேயே நடந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரையில் வரும் உயர வரைபடம் பெரும்பாலும் செங்குத்தில் மிகைப்படுத்தியது. கிடையில் 1 செ.மீ. 1.5 கி.மீ. ஆகவும் செங்குத்தில் 1 செ.மீ. 500 மீட்டராகவும் இருந்தால், சரிவு மூன்று மடங்கு கூட்டிக் காட்டப்படுகிறது. அளவுகோலைத் திரையில் வைத்து இந்த மடங்கைப் பிள்ளைகளே கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நீலகிரி ஒரு சுவர் என்று நினைத்துக்கொள்வார்கள். காவிரி டெல்டாவில் இந்தக் கருவியைத் திறக்கவே வேண்டாம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத நிலம் அது. செயற்கைக்கோள் உயரத் தரவிலோ சில மீட்டர் பிழை இயல்பு, தென்னந்தோப்பின் உச்சியையும் தரையாக எண்ணிக்கொள்ளும் இடங்களும் உண்டு. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கோடு போட்டால் இல்லாத மேடுகளெல்லாம் தோன்றும்.

பழைய படங்களைக் காட்டும் வசதியும் அதே கூகுள் எர்த் புரோவில் இருக்கிறது, கடிகாரம் போன்ற குறியைத் தட்டினால் ஆண்டுவாரியாக நகரலாம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றி நகரம் எப்படி நெருங்கியது என்பதைக் காட்ட இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் ஒரு படம் டிசம்பரிலும் இன்னொன்று மே மாதத்திலும் எடுத்ததாக இருந்தால், வற்றிப்போன நீரை ஆக்கிரமிப்பு என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். படத்தின் தேதியைப் பார்த்து, கூடியவரை ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிட வேண்டும். நிலப் பயன்பாட்டைப் பற்றிப் பேச இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்தும் புவன் தளமும் கைகொடுக்கும், அதில் வயல், காடு, தரிசு, குடியிருப்பு என்று தனித்தனி வண்ணத்தில் பிரித்த அடுக்குகள் இருக்கின்றன.

நீர்வளம் நடத்தும்போது மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விண்வெளித் திட்டமான கோப்பர்னிக்கஸின் உலாவியில் சென்டினல்-2 படங்கள் இலவசம், ஒரு படப்புள்ளி 10 மீட்டர். 2024இல் அணையில் நீர் இல்லாததால் வழக்கமான ஜூன் 12 திறப்பு நடக்கவில்லை, ஜூலை இறுதியில் அதே அணை 120 அடியைத் தொட்டது. அந்த ஆண்டின் மே மாதப் படத்தையும், ஆகஸ்டுக்குப் பின் மேகமில்லாமல் கிடைக்கும் முதல் படத்தையும் அருகருகே வைத்தால் நீர்ப்பரப்பு எவ்வளவு விரிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். இரண்டின் மேலும் கட்டத்தாள் வைத்து, நீர் நிரம்பிய கட்டங்களை எண்ணிப் பரப்பும் காணலாம். பருவமழை மாதங்களில் படம் முழுக்க மேகமாகவே வரும், மேக அளவைக் குறைக்கும் வடிகட்டியைப் பயன்படுத்தினால் தேடும் நேரம் மிச்சம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பாகக் காட்டும் பொய்வண்ணப் படத்தில் பயிரும் காடும் சிவப்பாகத் தெரியும். செம்மண் என்றோ தீ என்றோ பிள்ளைகள் சொல்வதற்கு முன், பசுந்தழை அகச்சிவப்புக் கதிரை அதிகமாகத் திருப்பி அனுப்புவதால்தான் அந்த நிறம் என்று சொல்லிவிட வேண்டும்.

பருவக்காற்றுக்கு, காற்றோட்டத்தை அசைபடமாகக் காட்டும் ‘எர்த் நல்ஸ்கூல்’ தளம் போதும். ஜூலை 15, நவம்பர் 15 என்று ஒரே ஆண்டின் இரண்டு நாட்களைத் திறந்து, வங்கக் கடலில் ஐந்து இடங்களில் காற்றின் திசையை அம்புக்குறியாக வெற்று வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். அம்பு திரும்பியிருப்பதை வரைகிற கையே உணரும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அது கணினி மாதிரியின் கணிப்பு, நேரடி அளவீடு அல்ல. ஒரு நாளின் காற்று வானிலை, முப்பது ஆண்டுகளின் சராசரிதான் காலநிலை. ஆகவே இந்தப் பாடத்தை அசைபடத்தோடு நிறுத்தாமல், வானிலை ஆய்வுத் துறையின் மாதச் சராசரி மழையளவைக் கொண்டு சென்னைக்கும் மும்பைக்கும் பன்னிரண்டு பட்டைகள் வரையச் சொல்ல வேண்டும். சென்னைக்கு உச்சம் நவம்பரிலும் மும்பைக்கு ஜூலையிலும் வருவதைப் பட்டையில் பார்த்த பிள்ளைக்கு, மலை மழையைத் தடுத்துவிடும் மழைமறைவுப் பகுதியை விளக்குவது எளிது.

கைபேசியில் தட்டையாகத் திறக்கும் உலகப்படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலானவை, உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் கோட்டுச்சட்டத்தை ஒட்டியவை. 60° அட்சத்தில் பரப்பை நான்கு மடங்காகக் காட்டும். அதில் கிரீன்லாந்து இந்தியாவைப் பல மடங்கு விழுங்கி நிற்கும். உண்மையில் இந்தியா 32.87 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம்தான். பரப்பை ஒப்பிடும் எந்தக் கேள்விக்கும் உருண்டை வடிவில் திறக்கும் தளத்தையே பயன்படுத்துங்கள்.

மக்கள்தொகைப் பாடத்தில் தவறு நுழைவது அதிகம். இந்தியாவில் 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை, அடுத்தது 2027இல். ‘2021 சென்சஸ்’ என்ற தலைப்போடு எந்த இணையப்பக்கம் மாவட்ட எண்ணிக்கை கொடுத்தாலும் அது கணிப்பு, கணக்கு அல்ல. பாடநூலில் உள்ள 7.21 கோடி, ஒரு சதுர கி.மீ.க்கு 555 பேர் என்பவை 2011க்குரியவை. அன்று தமிழகத்தில் 32 மாவட்டங்கள். இன்று 38. பழைய எண்ணை எடுத்துப் புதிய மாவட்ட வரைபடத்தில் நிறம் தீட்டினால் தென்காசியும் மயிலாடுதுறையும் வெறுமையாக நிற்கும், பிரிந்த மாவட்டங்களின் அடர்த்தியோ தவறாக வரும். நிறவேற்றுமைப் படம் தீட்ட வேண்டுமானால் 32 மாவட்ட எல்லை உள்ள வெற்றுப்படமே சரி. உலக நாடுகளின் வயது–பாலினக் கூம்புகளுக்கு ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் தரவை வைத்துப் படம் தரும் தளங்கள் நன்றாகவே இருக்கின்றன.

எல்லைக்கோடு விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஜம்மு காஷ்மீரும் அருணாசலமும் புள்ளிக்கோட்டோடு வருகின்றன. இணையத்தில் சுற்றும் பழைய படங்களில் 2014இல் பிரிந்த தெலங்கானா இருக்காது, 2019இல் யூனியன் பிரதேசமான லடாக்கும் இருக்காது. வெற்று வரைபடம் வேண்டுமென்றால் நில அளவைத் துறையின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘தமிழ்நாடு மாவட்ட வரைபடம் வரைந்து கொடு’ என்று கேட்டு வாங்கிய படத்தை வகுப்புக்குக் கொண்டுவரவே கூடாது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கற்பனை எல்லையும் சிதைந்த ஊர்ப் பெயரும் கலந்திருக்கும். மனப்பாடம் செய்கிற வயதில் தவறான வடிவம் கண்ணில் பதிந்தால் அழிப்பது கடினம்.

இணைய வேகம் குறைந்த பள்ளிகளுக்குச் சில குறிப்புகள். காட்டப்போகும் இடத்தை முந்தைய நாளே கூகுள் எர்த் புரோவில் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டால் படங்கள் கணினியின் தற்காலிக நினைவில் தங்கும். அந்த நினைவின் அளவை அமைப்புகளில் 2,000 எம்.பி. வரை கூட்டிவைக்கலாம். அதே கணினியில், அதே உயரத்தில் பார்த்தால்தான் பயன். மற்ற தளங்களுக்குத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வதே உத்தமம், தேதியும் அளவையும் படத்துக்குள் தெரியும்படி. அந்தப் படங்களை வாட்ஸ்ஆப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்தெல்லாம் மங்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். பாடநூலின் இணையச் செயல்பாட்டு முகவரிகளில் சில காலப்போக்கில் திறக்காமல் போவதுண்டு. வகுப்புக்கு முன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டால் பாடவேளை வீணாகாது. ஒரு பாடவேளைக்கு ஒரு தளம், ஒரு கேள்வி, ஒரு தாள் வேலை. அதற்கு மேல் திறந்தால் எதுவும் நிற்பதில்லை.

இனி, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்கு மிகச் சிறந்த கருவி வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிக்கைதான். ஒவ்வோர் அறிக்கையிலும் புயல் மையத்தின் அட்சமும் தீர்க்கமும் இருக்கும். பழைய புயல்களின் பாதை விவரங்களும் அதே துறையின் தளத்தில் தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறி, மாநிலத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கிய கஜாவின் பாதையை முழுவதும் வரைய முடியும். கணக்கும் கடினமில்லை. அட்சத்தில் ஒரு பாகை 111 கி.மீ., நம் பகுதியில் தீர்க்கத்தில் ஒரு பாகை சுமார் 109 கி.மீ. உதாரணமாக, ஒரு புயல் 11.0° வடக்கு, 84.0° கிழக்கிலிருந்து 12 மணி நேரத்தில் 11.5°, 82.5°க்கு வந்தால், வடக்கே சுமார் 55, மேற்கே சுமார் 163 கி.மீ. பிதாகரஸ் தேற்றப்படி நகர்ந்தது ஏறக்குறைய 173 கி.மீ., வேகம் மணிக்கு 14 கி.மீ. கணக்குப் பாடமும் புவியியலும் ஒரே தாளில் சேர்ந்துவிடுகின்றன.

ஆனால் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கி.மீ. தொலைவில்’ என்று மட்டுமே அச்சிடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் சின்னம் உருவாகும் நாட்களில், அறிக்கையில் உள்ள அட்சம், தீர்க்கம், நேரம் மூன்றையும் செய்தியின் கீழ் ஒரே வரியில் கொடுங்கள். மாணவர் பக்கத்தில் 5° முதல் 25° வடக்கு வரையும் 75° முதல் 95° கிழக்கு வரையும் ஒவ்வொரு பாகைக்கும் கட்டம் போட்ட வங்கக் கடல் வெற்றுப்படம் ஒன்றை அக்டோபர் முதல் வாரத்தில் அச்சிட்டால், பிள்ளைகள் அதை வெட்டி வைத்துக்கொண்டு டிசம்பர் வரை குறித்து வருவார்கள். இணையம் எட்டாத வீடுகளுக்கும் நாளிதழ் எட்டுகிறது. படத்தில் கடற்கரையோரம் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன் என்ற நான்கு பெயர்கள் இருந்தால் போதும், மற்றவற்றை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் சமூக அறிவியல் ஆசிரியர்கள் சிலர்